இந்தியானா வென்றது பணத்தாலா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2026 ஜனவரியில் இந்தியானா பல்கலைக்கழக அணி மயாமியை 27–21 என்று வென்று தேசியச் சாம்பியன் ஆனதைக் குறிப்பிட்டுவிட்டு, பணத்தைக் கொட்டி வீரர்களை வாங்கினால் யார்தான் ஜெயிக்கமாட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் புளூமிங்டனில் பத்தாண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கிறேன். அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

இந்தியானா கூடைப்பந்து மாநிலம். முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஓடும் இந்தக் கால்பந்தில் இவர்களுக்கு 700-க்கும் அதிகமான தோல்விகள். 2024 வரை, பெரிய பல்கலைக்கழக அணிகளில் அதிகம் தோற்ற அணி என்ற அவப்பெயரைச் சுமந்தார்கள். 2023-இல் 12 ஆட்டங்களில் 3 வெற்றி. ஆட்ட நாளில் வாகன நிறுத்தத்தில் அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டுக்கொண்டிருக்கும் கூட்டத்தில் பாதிப் பேர் உள்ளே வரமாட்டார்கள். வந்தவர்களும் இடைவேளையோடு கிளம்பிவிடுவார்கள். காலியான இரும்பு இருக்கைகளைப் பார்த்தபடி அந்தப் பிள்ளைகள் ஆடியதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த நிலையில்தான் கர்ட் சிக்னெட்டி தலைமைப் பயிற்சியாளராக வந்தார். அவர் தந்தையும் பயிற்சியாளர். அலபாமா பல்கலைக்கழகத்தில், பெயர்பெற்ற பயிற்சியாளர் நிக் சேபனின் உதவியாளராக நல்ல இடத்தில் இருந்தவர், 2011-இல் அதை உதறிவிட்டு பென்சில்வேனியாவில் ஒரு சிறிய பல்கலைக்கழகத்துக்குப் போனார். அப்போது வயது 49. பிறகு ஈலான், ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகங்கள். தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஓர் ஆண்டில்கூட அவர் அணிக்குத் தோல்வி மிகுந்ததில்லை. இங்கே வந்த புதிதில், வீரர்களிடம் என்ன சொல்லி இந்த அணிக்கு அழைப்பீர்கள் என்று நிருபர்கள் கேட்டபோது, "நான் ஜெயிப்பவன். கூகுளில் தேடிப் பாருங்கள்" என்றார். ஊரே அதைத் திமிர் என்றது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பணமே இல்லை என்று சொல்லவரவில்லை. முந்தைய பயிற்சியாளரின் ஒப்பந்தத்தை முடிக்கவே 15.5 மில்லியன் டாலர் ஆனது. ஆனால் 2024-இல் வந்து சேர்ந்தவர்கள் யார்? ஜேம்ஸ் மேடிசனில் அவரிடம் ஆடிய 13 பேர் அவரை நம்பிப் பின்னாலேயே வந்தார்கள். ஏய்டன் ஃபிஷர், மிகைல் கமாரா போன்ற அவர்கள் யாரும் அன்று நட்சத்திரங்கள் அல்ல. டிஆஞ்சலோ பாண்ட்ஸின் உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். எலைஜா சாரட் தன் கல்லூரி ஆட்டத்தைத் தொடங்கியது செயின்ட் ஃபிரான்சிஸ் என்ற, பலர் கேள்விப்பட்டிராத இடத்தில். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் கர்டிஸ் ரூர்க் கனடாக்காரர். முழங்கால் தசைநார் கிழிந்த நிலையிலேயே அந்த சீசன் முழுக்க ஆடினார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. எந்த விலைப்பட்டியலில் இதை எழுதுவது?

நெப்ராஸ்காவை 56–7 என்று வென்ற ஆட்டத்தில் ரூர்க்கின் கட்டைவிரல் அடிபட்டது. அடுத்த வாரம் மாற்று வீரர் டேவன் ஜாக்சனை வைத்து வாஷிங்டனை வென்றார்கள். மிச்சிகன் ஸ்டேட்டிடம் 0–10 என்று பின்தங்கினார்கள். சீசனில் பின்தங்கியது அதுவே முதல் முறை. அங்கிருந்து 47 புள்ளிகள் எடுத்து, எதிரணிக்கு மேற்கொண்டு ஒரு புள்ளியும் விட்டுக்கொடுக்கவில்லை. முந்தைய ஆண்டின் தேசியச் சாம்பியன் மிச்சிகனுடன் ஆடியபோது இரண்டாம் பாதியில் எங்கள் தாக்குதல் அடியோடு முடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு தடுப்பாட்டக்காரர்கள் 20–15 என்று காப்பாற்றினார்கள். ஒரே சீசனில் பத்து வெற்றி என்பதை இந்தப் பல்கலைக்கழகம் அதுவரை கண்டதே இல்லை.

ஒகையோ ஸ்டேட்டிடம் 15–38, நோட்டர் டேமிடம் 17–27 என்று தோற்றது உண்மை. இரண்டு ஆட்டத்திலும் எதிரணியே மேலோங்கி நின்றது. கடினமான எதிரிகள் குறைவு என்ற விமர்சனத்திலும் நியாயம் உண்டு. ஆனாலும் 3 வெற்றியிலிருந்து ஒரே ஆண்டில் 11 வெற்றி. சாம்பியன் ஆனது அதற்கடுத்த சீசனில்.

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் 1967-இல் இங்கே மாணவர். ரோஸ் பவுல் என்ற பெருமைமிக்க சீசன் இறுதி ஆட்டம் வரை போன அந்த அணியைக் கண்ணால் பார்த்தவர். பிறகு அரை நூற்றாண்டாக இடைவேளையில் வீடு திரும்பியவர். 2024 நவம்பர் 30 இரவு, உடம்பு விறைக்கும் குளிரில், இதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான பர்டூவுடன் ஆட்டம். அதில் வெல்பவருக்குப் பரிசு ஒரு பழைய மரக் கிணற்று வாளி. வெற்றிபெற்ற அணியின் முதலெழுத்தை ஆண்டுதோறும் அதன் சங்கிலியில் கோத்துவிடுவார்கள். 66–0 என்று ஆனபோது, போகலாமா என்று அவரைக் கேட்டேன். கையுறையைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வாளியைத் தூக்குவதைப் பார்த்துவிட்டுப் போவோம்" என்றார்.

இப்படிக்கு,
புளூமிங்டன் வாசகர்
இந்தியானா, அமெரிக்கா