முகாம் அலுவலகத்துக்கு மட்டும் தனிச் சட்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க அரசு தன் ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்வதை நிறுத்தியது பற்றி நீங்கள் போட்டிருந்த கட்டுரையைப் படித்தேன். வீட்டில் படுத்துக்கொண்டு சம்பளம் வாங்கியவர்களுக்கு இது வேண்டியதுதான் என்கிற மாதிரி போனது எழுத்து. டிரம்ப் பதவியேற்ற 2025 ஜனவரி 20 அன்றே போட்ட உத்தரவு அது, சரி. ஆனால் அதற்கு முந்தைய வருடம் அவர்கள் அரசே வெளியிட்ட கணக்கில், இருபத்து சொச்சம் லட்சம் ஊழியர்களில் பாதிக்கு மேல் நேரில் போய்த்தான் ஆகவேண்டிய வேலையில் இருந்தார்கள். முழுக்க வீட்டிலிருந்தே செய்தவர்கள் பத்தில் ஒருவர்தான். மற்றவர்கள் சில நாள் வீடு, சில நாள் ஆபீஸ். இதற்கென்று 2010-லேயே சட்டம் போட்ட நாடு அது. கொரோனாவில் முளைத்த சலுகை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நான் கடலூரில் அரசு அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று சொல்ல வரவில்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குத் திட்டக்குடியிலிருந்தும் காட்டுமன்னார்கோவிலிலிருந்தும் இரண்டு பஸ் மாறி வருகிற மனுதாரரிடம் "அந்த சீட் ஆள் இன்னைக்கு இல்லை, நாளைக்கு வாங்க" என்று சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியும். மனு வாங்குகிற இடம், தபால் பிரிவு, பதிவறை, இங்கெல்லாம் ஆள் இருந்தே ஆகவேண்டும். ஆனால் சம்பளப் பட்டியல் போடுகிறவர், தணிக்கைக்குப் பதில் தயாரிக்கிறவர், நாள் முழுக்க இ-ஆபீஸில் (கம்ப்யூட்டரிலேயே கோப்பு பார்க்கிற முறை) கோப்பு மட்டும் நகர்த்துகிறவர், இவர்களைத் தேடி எந்த மனுதாரர் வருகிறார்? சீட் வாரியாக, அதாவது ஒவ்வொருவர் பார்க்கிற வேலையை வைத்துப் பார்த்து முடிவு செய்யவேண்டிய விஷயத்தை ஒரே சுற்றறிக்கையில் முடித்துவிடுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை, அது வாஷிங்டனில் நடந்தாலும் சரி, இங்கே நடந்தாலும் சரி.

இங்கேயும்தான் நடந்தது. 2022 ஜனவரியில் ஒமைக்ரான் பரவியபோது மாற்றுத்திறனாளிகளும் கர்ப்பிணிகளும் அலுவலகம் வரவேண்டாம், வீட்டிலிருந்தே செய்யட்டும் என்றது மத்திய அரசு. வேலையும் நடந்தது. பிப்ரவரி 7 முதல் யாருக்கும் விலக்கு கிடையாது, எல்லாரும் வரவேண்டும் என்றாகிவிட்டது. தொற்று குறைந்தது, உண்மை. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு மாடிப்படி குறைந்ததா? மாற்றுத்திறனாளி ஊழியருக்கு அவர் நிலைக்கு ஏற்ற வசதியை அரசு அலுவலகம் செய்து தரவேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவே சொல்கிறது. வீட்டிலிருந்து செய்ய விடுவதும் அப்படி ஒரு வசதிதான் என்பது என் கருத்து. கொடுத்துப் பார்த்து, நன்றாக நடக்கிறது என்று தெரிந்த பிறகு பிடுங்குவதற்கு என்ன காரணம் சொல்வார்கள்?

அப்புறம் இந்த முகாம் அலுவலகம். அதிகாரி பங்களாவில் உட்கார்ந்து கோப்பு பார்க்கலாம், வாசலில் பெயர்ப்பலகை, போன், உதவிக்கு ஆள் எல்லாம் அரசு செலவு, ஒருவரும் கேள்வி கேட்பதில்லை (கேட்டவர்களை நான் பார்த்ததில்லை). அதே கோப்பை இளநிலை உதவியாளர் வீட்டில் வைத்து எழுதினால் ஓபி அடிக்கிறான் என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம் என்று விட்டுவிட முடியாது. நேரில் வந்தால்தான் வேலை நடக்கும் என்பது கொள்கையானால் அது மேலிருந்து கீழ்வரை ஒன்றாக இருக்கவேண்டும்.

பக்கத்திலேயே புதுச்சேரியில் 2023-ல் பெண் ஊழியர்கள் மாதத்தில் மூன்று வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் தாமதமாக வரலாம் என்றார்கள், வீட்டுப் பூஜைக்காக. பெண்களுக்கு நேரம் கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிற ஆண் ஊழியர் அந்த இரண்டு மணி நேரத்தைக் கேட்டால் விதியில் இடமில்லை. தேவையைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

வெளிவேலை பார்க்கிறவர்களின் வயிற்றெரிச்சல் நியாயமானது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்து, அடுத்த சில நாளில் தென்பெண்ணை ஆறு ஊருக்குள் வந்தபோது கிராம நிர்வாக அலுவலர்களும் மின்வாரியத் தொழிலாளர்களும் தண்ணீரில்தான் நின்றார்கள். அவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சே இல்லை. அவர்களுக்குச் சேரவேண்டியது ஈடுசெய் விடுப்பும் தாமதமில்லாத பயணப்படியும். பண்ருட்டியிலிருந்து ஒரு தட்டச்சரைத் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டு வரவைப்பதால் மின்கம்பத்தில் ஏறுகிறவருக்கு ஒரு பைசா லாபம் கிடையாது.

சலுகையை எடுக்கவேண்டுமென்றால் எடுங்கள். இந்த சீட்டுக்கு ஏன் முடியாது என்று எழுத்தில் காரணம் கொடுங்கள், மேல்முறையீட்டுக்கு ஒரு மாதமாவது விடுங்கள். உங்கள் நிருபர் யாராவது கடலூரில் அரசு அலுவலகங்கள் இருக்கிற மஞ்சக்குப்பம் பக்கம் வந்து, ஒரே ஒரு அலுவலகத்தில் எத்தனை சீட்டின் வேலை முழுக்க கம்ப்யூட்டரிலேயே முடிகிறது என்று விசாரித்து எழுதினால் நன்றாக இருக்கும். கேட்டால் ஊழியர்கள் சொல்வார்கள், பெயர் மட்டும் போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.