மகளுக்கு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலாம். நீ வெயிலில் அலைகிறவள், தண்ணீர் நிறையக் குடி.

கோயிலுக்குப் பின்னால் நிலம் அளந்து முளை அடித்திருக்கிறார்கள். சிவப்புச் சாயம் பூசி, உச்சியில் சின்ன ஆணி. ஒன்று சூலத்துக்கு நாலடி தள்ளி, இன்னொன்று சுடுகாட்டுப் பாதை ஓரம். கடையில் பெரியப்பா, "உன் மக பார்க்கிற வேலைதானே இது?" என்றார். நான் அதற்குப் பதில் சொல்லாமல், அந்த வேலையின் பெயரை விளக்க ஆரம்பித்துவிட்டேன்.

மலாயில் ஜூரு என்றால் கைதேர்ந்தவர், ஊக்கூர் என்றால் அளவு. நிலம் அளப்பவர் ஜூருஊக்கூர், அதில் சிக்கலில்லை. அதற்கு ஆங்கிலத்தில் சொல்கிற சர்வேயர்தான் மனசை உறுத்துகிறது. பழைய பிரெஞ்சில் 'மேலே', 'பார்' இரண்டும் சேர்ந்த சொல் அது. ஆங்கிலத்தில் முதலில் மேற்பார்வை பார்ப்பவரைத்தான் அப்படிச் சொன்னார்கள்; நிலம் அளப்பவருக்குப் பின்னால்தான் வந்தது. அப்படியென்றால் கண்காணி. நம் வாயில் கங்காணி, தோட்டத்தில் கூலிகளை வேலை வாங்கியவர். நம் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை, ஏன் என்று உனக்கே தெரியும்.

நீ லைசென்சுக்குப் படிக்கிறாய் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். பாட்டி ரப்பர் பால்மரம் சீவிய மண்ணில் பேத்தி கருவியோடு நிற்கிறாள், அது சின்ன விஷயமா? ராஜராஜன் காலத்தில், 1001இல், சோழநாட்டை அளந்த அதிகாரிக்கு உலகளந்தான் என்றே பட்டம். ஆனால் கண்ணு, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்துப் பார். ஊர் ஊராக அளந்த நிலத்தைச் சொல்லிவிட்டு, ஊர்நத்தம், ஸ்ரீகோயில்கள், குளங்கள், சுடுகாடு எல்லாவற்றையும் கழித்த பிறகுதான் வரி போட்டிருக்கிறார்கள். கம்மாளர் குடியிருந்த சேரியைக்கூடக் கழித்திருக்கிறார்கள். அளந்தவன் கண்ணில் அதெல்லாம் பட்டிருக்கிறது.

உங்கள் கம்பெனி வண்டி மாதிரி ஒன்று நின்றதாம். இந்த ரோட்டில் யார் வண்டியும் நிற்கலாம். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

தீபாவளிக்கு வேலை என்றாய், சரி. போன் எடுக்கக்கூடவா நேரமில்லை? அம்மா கேட்கிறாள். ஆடித் திருவிழாவுக்காவது வா. பின்வாசல் பாதையை அடைத்துவிட்டார்கள், பள்ளிக்கூடத்துப் பக்கமாக வர வேண்டும். தண்ணீர் குடி, நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா