ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்த ஹெரால்டு

மேற்கு மாம்பலத்துத் தெருக்காரர்களுக்கும், இந்த வண்டிக்காக அலைந்த எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று சாயங்காலம் எஞ்சின் ஓடியது. நாலு சிலிண்டரும் பிடித்தன, ஆயில் லைட் அணைந்தது, கொஞ்ச நேரத்தில் புகையும் தெளிந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறோம். தெருவில் அனாதையாக நின்ற இந்தப் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை அகற்ற நோட்டீஸ் ஒட்டியது முதல் தெருமுனையில் கிரேன் வந்து நின்றது வரை உங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. அதைத் திரும்ப எழுதி யாருடைய ரத்தக்கொதிப்பையும் ஏற்ற வேண்டாம்.

முதல் நன்றி இஸ்திரி அண்ணனுக்கு.

கிரேன்காரர் சங்கிலியை மாட்டிக்கொண்டு இருந்தபோது, அண்ணன் தள்ளுவண்டிக்கு அடியில் இருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலையும் ஒரு மஞ்சப்பையையும் எடுத்துக்கொண்டு வந்தார். "இத்தயும் எடுத்துனு போங்க சார். ஐயா வந்து கேட்டா குடுக்கணுமேன்னு வெச்சினு இருந்தேன்" என்றார். வண்டிக்கு உடையவரான அந்த ஐயா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அது அண்ணனுக்கும் தெரியும்.

பாட்டிலில் இருந்தவற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. ஹெரால்டின் முன்பக்கத்தில் பானெட்டும் இரண்டு மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டு. அது முன்னால் கவிழ்ந்து திறக்கும். அதைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கிகள் வெளியே, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும், சாவியே வேண்டாம். மெக்கானிக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் தெருவில் அனாதையாக நிற்கும் வண்டிக்கு அதைவிடக் கெடுதல் கிடையாது. விளையாடுகிற பிள்ளைகள்கூடத் திறந்துவிடலாம். காயலான் கடைக்குப் போகிற வழியில் யாரும் கைவைக்கலாம். அப்படித் திறந்தபோதெல்லாம் கழன்று விழுந்ததை, பிடுங்கிப் போட்டதை, அண்ணன் பொறுக்கி வைத்திருக்கிறார்.

ஒவ்வொன்றையும் பழைய பனியன் துணியில் சுற்றி, துணிக்குக் கட்டுகிற மாதிரியே ஒரு குறித்துணியைக் கட்டியிருந்தார். இஸ்திரி மையில் வீட்டு எண். அதற்குக் கீழே "ரோட்டுப்பக்கம்" அல்லது "சுவத்துப்பக்கம்". வண்டி அசையாமல் ஒரே இடத்தில் நின்றதால் இடது வலது என்று எழுதுவதற்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை. முன்கதவின் முக்கோணக் கண்ணாடிக் கொக்கிகள் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மாற்றிப் போட்டால் நாக்கு எதிர்ப்பக்கம் திரும்பும், கண்ணாடி மூடாது, பலமாக அழுத்தினால் கொக்கி உடையும். வார்ப்பு உலோகம் அது, ஒட்டவும் முடியாது. எங்களுக்கு அந்த வேலை ஸ்க்ரூடிரைவரோடு முடிந்தது.

பாட்டிலின் அடியில் ஒரு தகடு கிடந்தது. சேசிஸ் எண், அதாவது வண்டியின் அடிச்சட்ட எண் பொறித்த தகடு. ரிவெட் துருப்பிடித்து அற்று எஞ்சினுக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறது. பழைய வண்டி எடுப்பவர்களுக்கு இதன் பாரம் தெரியும். எஞ்சின் இல்லாவிட்டால் வேறு எஞ்சின் வைத்து ஆர்.சி.யில் எழுதிக்கொள்ளலாம். கதவு, கண்ணாடி, கியர் பாக்ஸ் எதுவும் தேடினால் கிடைக்கும். சேசிஸ் எண்ணைக் காட்ட முடியாத வண்டியைச் சட்டத்தின் முன் நிறுத்துவதுதான் பெரும்பாடு, பல நேரம் எடைக்குப் போடத்தான் ஆகும். அன்றைக்குக் கிரேன் வெறுங்கையோடு திரும்பியதற்கு இந்தத் தகடுதான் காரணம். தகடு இருந்த இடத்தில் பெயிண்ட் வெளுக்காமல் கட்டமாகத் தெரிந்தது, ஓட்டைகளின் இடைவெளி பொருந்தியது, எண் ஆர்.சி. நகலோடு ஒத்துப்போனது. இப்படித் தகடு கிடைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆய்வாளர் பார்க்கும்வரை ரிவெட் அடிக்காதீர்கள். தகட்டையும் அதன் இடத்தையும் ஒரே படத்தில் எடுத்து வையுங்கள். மினுமினுக்கும் புது ரிவெட் வீண் கேள்விகளை வரவழைக்கும்.

ரோட்டாரும் அதே பாட்டிலில்தான் இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுற்றும் கட்டைவிரல் அளவு சாமான். ஐயா ஊருக்குப் போகும்போதெல்லாம் அதைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போவாராம். ரோட்டார் இல்லாமல் எந்தச் சாவி போட்டாலும் பிளக்கில் பொறி வராது. அந்தக் காலத்தின் செலவில்லாத திருட்டுப் பூட்டு. கடைசியாகப் போனவர் திரும்பி வாங்கவில்லை.

இதையெல்லாம்விட எங்களுக்கு ஆச்சரியம் வண்டிக்கு அடியில் இருந்த கல். டயர்கள் காற்றிறங்கி உட்கார்ந்ததும் அண்ணன் ஒரு கால் டாக்ஸிக்காரரிடம் ஜாக்கி வாங்கி, பழைய நடைபாதை ஓரத்துக் கருங்கற்களைப் பலகையோடு கீழே கொடுத்திருக்கிறார். அதுவும் கதவுக்குக் கீழே இருக்கும் தகட்டில் இல்லை, நடுவில் ஓடும் சேசிஸ் சட்டத்தில். ஹெரால்டில் பாடி தனி, சேசிஸ் தனி. கதவடித் தகட்டில் எடையைக் கொடுத்தால் அது உள்ளே மடங்கும், கதவிடைவெளி கோணும். இது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டோம். "கெட்டியா இருந்த எடத்துல குடுத்தேன்" என்றார். மாம்பலத்தில் மழைத் தண்ணீர் எவ்வளவு நாள் நிற்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். நடுச் சட்டத்தில் இருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் சேசிஸ் பக்கக்கைகளில் நாங்கள் வெட்டி ஒட்ட வேண்டி வந்தது பின்னால் இருக்கும் இரண்டில் மட்டும். 18 கேஜ் தகடு போதுமானதாக இருந்தது. தண்ணீரில் உட்கார்ந்திருந்தால் டிஃபரென்ஷியலுக்குக் கீழே நடுச் சட்டமே ஸ்க்ரூடிரைவர் குத்தினால் உள்ளே போகிற கதிக்கு வந்திருக்கும். (வெட்ட வேண்டியவர்கள் கவனிக்க: எல்லாப் பக்கக்கைகளையும் ஒன்றாக வெட்டாதீர்கள். கதவுகளைப் பூட்டி, இடைவெளியை அளந்து எழுதிக்கொண்டு, ஒரு நேரத்துக்கு ஒன்று.)

சக்கரங்கள் பாரம் தாங்காமல் இருந்ததில் இன்னொரு லாபம், ட்ரன்னியன். முன்சக்கரம் திரும்பும் அச்சின் கீழ்முனையில் மரை உண்டு. அந்த மரையில் உட்கார்ந்து சுழலும் வெண்கலத் துண்டுதான் ட்ரன்னியன். ஹெரால்டின் உயிர்நிலை அங்கே இருக்கிறது. அதற்கு கிரீஸ் கூடாது, இ.பி. 90 கியர் ஆயில்தான். கிரீஸ் மரைக்குள் இறங்காமல் மேலேயே கட்டியாகி நிற்கும், தண்ணீர் மட்டும் புகுந்துவிடும், எஃகு மரை மேல்முனையில் அரிக்கும், ஒரு நாள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முறியும். சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிப் படுத்த ஹெரால்டு படத்தை எங்காவது பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ஆகவே நின்றுபோன ஹெரால்டை உருட்டிக்கொண்டு போகாதீர்கள், கட்டி இழுக்காதீர்கள். மேலே ஏற்றிக்கொண்டு போங்கள். பட்டறையில் அடிப்பக்கத்து பிளக்கைக் கழற்றி நிப்பிள் போட்டு, கிரீஸ் கன்னில் கியர் ஆயிலை நிரப்பி, மேலே கசியும்வரை அடிக்க வேண்டும். ஒரு பக்க மரை வலது, மறுபக்கம் இடது. இது தெரியாமல் ஸ்பானர் போட்டு மல்லுக்கட்டியவர்கள் உண்டு.

அண்ணனுக்குக் காசு கொடுக்கப் பார்த்தோம், வாங்கவில்லை. "கல்ல மட்டும் உட்டுட்டுப் போங்க, என் தள்ளுவண்டிக்கு முட்டுக்கு ஆவும்" என்றார். கல் அங்கேயே இருக்கிறது.

எஞ்சினை எப்படி எழுப்பினீர்கள் என்று நிறையப் பேர் கேட்டீர்கள். நன்றிக் கடிதத்தில் பாடம் எதற்கு என்று தோன்றலாம், ஆனாலும் கேட்டவர்களுக்குச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வருஷக்கணக்கில் நின்ற எஞ்சினில் செல்ஃபைத் தொடவே கூடாது. நாலு பிளக்கையும் கழற்றி, டீசலும் ஏ.டி.எஃப்பும் (ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றும் ஆயில்) பாதிக்குப் பாதி கலந்து சிலிண்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஊற்றி, குறைந்தது மூன்று நாள் ஊற விடுங்கள். பிறகு முன்னால் ஹேண்டில் போட்டு, முன்னும் பின்னும் கால் சுற்றாக அசையுங்கள். அசைந்ததும் முழுச் சுற்றுக்குப் போகாதீர்கள். எஞ்சின் தலையில் இருக்கும் ராக்கர் மூடியைத் திறந்து எட்டு வால்வும் திரும்ப மேலே வருகின்றனவா என்று பாருங்கள். ஒட்டிக்கொண்ட வால்வு ஒன்று இருந்தாலும் புஷ் ராடு வளையும். சம்ப்பில், அதாவது எஞ்சினின் அடித்தொட்டியில், சுமார் 4 லிட்டர் 20W-50 ஆயில். பிளக் போடாமலே ராக்கரில் ஆயில் தெரியும்வரை சுற்றுங்கள்.

டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் இருப்பது) குளிர்ந்த எஞ்சினில் 0.25 மி.மீ. எந்த வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதோ அதன் எண்ணை 9-இல் இருந்து கழித்து, வருகிற வால்வைச் சரி செய்ய வேண்டும்: 8 திறந்திருந்தால் 1, 6 திறந்திருந்தால் 3. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ., பிளக் 0.64 மி.மீ., எரியும் வரிசை 1-3-4-2. பேட்டரியை மாட்டுமுன் எந்த முனை பாடியில் போகிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து வண்டிகளில் பாசிட்டிவ் எர்த், அதாவது பாசிட்டிவ் முனை பாடியில் போவது சகஜம். இன்றைய பழக்கத்தில் நெகட்டிவைக் கொடுத்துவிட்டு டைனமோவைக் குற்றம் சொல்லக் கூடாது.

பழைய டாங்க்கை நம்பாதீர்கள். முதல் ஓட்டத்துக்கு ஒரு பாட்டில் புது பெட்ரோலும் தனிக் குழாயும் போதும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய் அதில் ஊறி உதிரும், உதிர்ந்தது கார்புரேட்டர் ஜெட்டில் போய் அடைக்கும். கொஞ்சம் விலை கூடினாலும் எத்தனாலைத் தாங்கும் விட்டான் ரப்பர் குழாய் போடுங்கள். பம்ப்பின் டயஃப்ரமையும் கையோடு மாற்றிவிடுங்கள். பிரேக்கில் சிக்கனம் பார்க்கவே வேண்டாம்: நாலு சக்கரத்து ரப்பர்களும், நாலு ஹோஸும். ஹோஸ் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதித்தால் பிடிக்கும், காலை எடுத்தாலும் விடாது. டயருக்கு அலைய வேண்டாம், 145/80 ஆர்13 இந்த ரிம்மில் உட்காரும்.

இனி மற்றவர்கள். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள் என்பதால் ஊர் மட்டும். ஒரு செட் கேட்டதற்கு, கடைக்கோடியில் தேடி இரண்டு செட் சிலிண்டர் ரப்பர் கொடுத்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைக்காரர். பின்விளக்குக் கண்ணாடிக்காக மூன்று குடோனைக் கிளறிய புதுப்பேட்டைத் தம்பிகள். கன்மெட்டலில் ட்ரன்னியன் கடைந்து, இடது மரைக்குத் தனியாக டேப் செய்து கொடுத்த கிண்டி லேத்துக்காரர். ரேடியேட்டர் கோரைப் பிரித்து அடைத்த ஆலந்தூர் பாய். சங்கிலியைக் கழற்றிவிட்டுப் பேசாமல் டீ குடிக்கப் போன கிரேன்காரர். வெளிநாட்டில் இருந்து இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் அனுப்பிக் கையெழுத்துப் போட்ட ஐயாவின் மகளுக்குத் தனி நன்றி. தெருவில் அனாதையாக நின்றாலும் வண்டிக்கு உடையவர் ஒருவர் இருப்பார். படிவம் 31-இல் வாரிசு பெயருக்கு மாற்றி, பிறகு 29, 30-இல் நம் பெயருக்கு. இந்த வரிசையில் போனால்தான் வேலை நடக்கும். இதைச் செய்யாமல் ஸ்பானரைக் கையில் எடுப்பவர்களுக்கு நாங்கள் உதவுவதாக இல்லை. 50 வருஷம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிய 2021-இல் தனி விதியே வந்துவிட்டது. ஏற்கெனவே எண் இருக்கும் வண்டி அதே எண்ணை வைத்துக்கொள்ளலாம். டி.என். வருவதற்கு முந்தைய மூன்றெழுத்து எண் என்பதால் நாங்கள் அதை விடப்போவதில்லை.

ஸ்டாண்டர்டு கம்பெனி 1961-இல் வண்டலூரில் ஹெரால்டு செய்ய ஆரம்பித்தது. இந்த ஊர் செய்த கார் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள நமக்கு அப்போது அதுதான் இருந்தது. எண்பதுகளின் கடைசியில் அங்கே கார் உற்பத்தியே நின்றது. உதிரி பாகம் செய்ய இன்று ஆள் இல்லை. மிச்சம் இருப்பது பரணிலும், தள்ளுவண்டிக்கு அடியிலும், கேட்காததால் கொடுக்கப்படாமலும் இருக்கிறது. அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம்: இனி எந்த வண்டியையும் எடுக்கும் முன், இருபுறமும் பத்து வீடு, தெருமுனைக் கடைகள், அங்கேயே தொழில் செய்கிறவர்கள் எல்லோரிடமும் கேட்டுவிட்டுத்தான் ஏற்றுவோம். "இந்த வண்டியோடது ஏதாவது உங்ககிட்ட இருக்கா?" என்ற ஒரே கேள்விதான்.

இன்னொன்று. கிண்டியில் கடைந்த ட்ரன்னியனின் அளவுப்படம் எங்களிடம் இருக்கிறது. ஹெரால்டு வைத்திருக்கும் யாருக்கும் சும்மா தருவோம், லேத்துக்காரரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். வரும்போது அச்சையும் கழற்றிக் கையோடு கொண்டுவாருங்கள். தேய்ந்த மரையைக் கண்ணால் பார்க்காமல் அவர் லேத்தில் துண்டை மாட்ட மாட்டார்.