மேல்கோட்டை ஆட்டத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

1791 நவம்பர் 7 இரவு, ஆங்கிலேய அதிகாரி மேக்ஸ்வெல் தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படை கிருஷ்ணகிரிக் கோட்டையில் ஏறியது. கீழ்க்கோட்டை விழுந்தது; மேல்கோட்டை திப்புவின் காவல்படையிடமே நின்றது. மறு ஆண்டு உடன்படிக்கையில் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் பகுதி கம்பெனிக்குக் கைமாறும்வரை அது விழவேயில்லை. அந்த ஓர் இரவை இருவர் ஆடும் பலகைப் போர் ஆட்டமாகச் செய்து முடித்திருக்கிறோம். நீங்கள் இல்லாமல் இது நடந்திருக்காது.

முதல் நன்றி, பழைய ஆங்கிலப் போர்க்குறிப்புகளை வரிவரியாகப் படித்துத் தமிழில் சொன்ன ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியருக்கு. முதல் ஆறு சோதனை ஆட்டத்திலும் மேல்கோட்டை விழுந்துகொண்டே இருந்தது. ஏணியைச் சிப்பாயின் கையிலிருக்கும் பொருளாகவே கணக்கிட்டிருந்தோம். பிழை அங்கேதான் என்று காட்டிக் கொடுத்தவர் நீங்கள். அன்றிரவு தப்பியோடிய காவலர்களை விரட்டிக்கொண்டு கம்பெனிச் சிப்பாய்கள் மேல்வாசல்வரை போய்விட்டார்கள், ஏணி பின்தங்கிவிட்டது, மேலிருந்து உருண்ட கற்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. இப்போது ஏணி தனிக் காய். ஒரு சுற்று என்பது பத்து நிமிடம். சரிவில் சிப்பாய்க் காய் சுற்றுக்கு 2 கட்டம் ஏறும், ஏணி 1 கட்டம்தான். ஏணி தூக்கும் காய் சுட முடியாது. கீழ்க்கோட்டையிலிருந்து மேல்வாசலுக்கு 9 கட்டம். ஆட்கள் ஐந்தாம் சுற்றில் போய்ச் சேர்வார்கள், ஏணி ஒன்பதாம் சுற்றில். நடுவில் கிடைக்கும் அந்த நான்கு சுற்றுதான் முழு ஆட்டமும்.

அடுத்து, மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கும் பெரியவர்களுக்கு. உருட்டிய கல் நேர்கோட்டில் போகும் என்று நினைத்திருந்தோம். மொட்டைப் பாறையில் மழைத்தண்ணீர் இறங்குகிற தடத்தில்தான் கல்லும் இறங்கும் என்று நடந்தே காட்டினீர்கள். அதனால் ஒவ்வொரு சரிவுக் கட்டத்திலும் ஓர் அம்புக்குறி அச்சிட்டோம். கல் அந்த அம்பின் வழியே போகும், வழியில் இருக்கும் எல்லாக் காயையும் தொடும். பகடையில் 5, 6 விழுந்தால் சிப்பாய்க் காயைப் பாதி பல எண் இருக்கும் பின்பக்கத்துக்குத் திருப்பிவைக்க வேண்டும். ஏணிக்கு 4 விழுந்தாலே முறிவு. காவலருக்கு மொத்தம் 40 கல் வைத்தபோது அவர்கள் பக்கம் யோசிக்காமலே ஜெயித்தது, 15 வைத்தபோது பாதியிலேயே தீர்ந்தது. 24 சரியாக நின்றது. தடத்துக்கு வெளியே ஏறினால் கல் படாது, ஆனால் ஒரு சுற்று கூடுதலாகும். இந்த ஒரு விதிக்காகவே உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம்.

அன்றிரவு நிலா எப்படி இருந்தது என்று கணக்குப் போட்டுத் தந்த இயற்பியல் படிக்கும் தங்கைக்கும் நன்றி. பௌர்ணமிக்கு மூன்று நாலு நாள் முந்தைய வளர்பிறை. ஆகவே நிலா இருக்கும்வரை பார்வை 4 கட்டம், மறைந்தபின் 1.

பழையபேட்டை அச்சக அண்ணனுக்கும், அட்டை வெட்டிய பிள்ளைகளுக்கும். 25 மி.மீ. அறுகோணக் கட்டத்துக்கு 18 மி.மீ. சதுரக் காய், 2 மி.மீ. கிரே போர்டு என்ற தடித்த அட்டையின் இரண்டு பக்கமும் ஸ்டிக்கர். முன்பக்கம் ஒட்டியதும் தாளின் நான்கு மூலையிலும் குண்டூசியால் துளையிட்டு, அந்தத் துளையில் பின்பக்கத்தைப் பொருத்தச் சொன்னது அண்ணன்தான். அதற்கு முன் ஒரு முழுத் தாள் வீணானது: பாதி பலத்தின் எண் விளிம்பில் அறுபட்டுப் போயிருந்தது. கத்தி பிளேடை மூன்று தாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் ஓரம் பிசிறடிக்கும்.

மலையின் மாதிரி உருவத்தைச் செய்த தச்சர் ஐயாவுக்கும். 10 மி.மீ. தெர்மாகோல் அடுக்குகளை வெள்ளை ஃபெவிகாலால் மட்டும் ஒட்டினீர்கள். ரப்பர் பசையோ ஸ்ப்ரே பெயின்டோ நேராகப் பட்டால் தெர்மாகோல் கரைந்து குழி விழும். செய்தித்தாளைப் பசையில் நனைத்து இரண்டு அடுக்குப் போர்த்தி, ஒரு நாள் காயவிட்டு, பிறகு வண்ணம். பாறையின் அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்து, ஊர்க்காரர்கள் எதுவும் கேட்காமலே எந்த மலை என்று சொல்லிவிடுகிறார்கள்.

காவேரிப்பட்டினத்திலும் பர்கூரிலும் ஆடிப் பார்த்து, விதித்தாளில் பென்சிலால் திருத்திக் கொடுத்த எல்லோருக்கும் நன்றி. இரண்டு ஏணிக் காய்களின் முனை மழுங்கியிருக்கிறது. மாற்றுக்காய் பெட்டியின் மூடியில் ஒட்டிய உறைக்குள் இருக்கிறது.