பீரோவில் பூட்டிய நுண்ணோக்கிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர். உடைந்துவிடுமே என்று பயந்து பள்ளிகளில் நுண்ணோக்கிகளைப் பீரோவிலேயே பூட்டி வைக்கிறார்கள். எங்கள் கடற்கரைப் பக்கத்து ஈரக்காற்றில் அப்படி வைத்தால்தான் லென்ஸில் பூஞ்சை படர்ந்து மேற்பூச்சையே அரிக்கிறது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், ஈரம் ஏறினால் மாற்றுங்கள். அப்புறம் வாராவாரம் பிள்ளைகளிடம் கொடுங்கள். வெங்காயத்தின் உள்சவ்வை உரித்து ஒரு சொட்டு அயோடின் விட்டால், செங்கல் அடுக்கிய மாதிரி செல்களும், அதனதனுள் பழுப்பாக உட்கருவும் தெரியும். குளத்து நீரில் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரி ஓடுவதைப் பார்த்தால் வகுப்பே கூச்சல் போடும்! பணம் இல்லையென்றால், ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய காகித நுண்ணோக்கி ஃபோல்டுஸ்கோப் இருக்கிறது. சுமார் 140 மடங்கு பெருக்கிக் காட்டும். செய்முறைத் தேர்வுக்கு மட்டும் தூசி தட்டும் வழக்கத்தைக் கல்வித் துறை நிறுத்த வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகப்பட்டினம்