நுரையீரலைக் கைவிட்ட நியூட்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. குட்டையில் நத்தை இருக்கும்வரை ஆட்டுக்கு எத்தனை தடவை மருந்து ஊற்றினாலும் தட்டைப்புழு திரும்பத் திரும்ப வருகிறது என்று அலுத்துக்கொண்டிருந்தாய். நத்தையே வேண்டாத ஒரு தட்டைப்புழு இருக்கிறதடா, நியூட் என்ற ஒரு பிராணிக்குள். முதலில் அந்தப் பிராணியின் கதை. ஓய்வு பெற்ற பிறகு இப்படிப்பட்டதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் திட்டு விழுகிறது.

மத்தியதரைக் கடலில் கோர்சிகா, சார்டினியா என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தீவுகள். ஐரோப்பாவின் தென்கரையிலிருந்து சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரியத் தொடங்கிய நிலத்துண்டு அது. தீவுக்கு ஒன்றாக யூப்ராக்டஸ் என்ற நியூட்டில் இரண்டே இனங்கள். தவளைக்குச் சொந்தம், ஆனால் வால் உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்தக் கூட்டமே கிடையாது. பார்க்க ஆசைப்பட்டால் டார்ஜிலிங் பக்கம் போக வேண்டும்.

இது வாழ்வது சில்லென்று பாயும் மலை ஓடையில். அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் தாராளம், தோலாலேயே மூச்சு விட்டுவிடலாம். நுரையீரலில் காற்றை நிரப்பினால் உடம்பு மிதக்கும், வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் நுரையீரல் சுருங்கிச் சுருங்கி, கோர்சிகா இனத்தில் பெயருக்குத்தான் மிச்சம். இனச்சேர்க்கையும் மாறிவிட்டது. குளத்து நியூட்டுகளில் ஆண் வாலை ஆட்டிக் காட்டி, விந்துப் பொதியைத் தரையில் வைத்துவிட்டு, பெண் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று நகரும். ஓடையில் அப்படி வைத்தால் போயே போய்விடும். சார்டினியா ஆண் பெண்ணை வாயால் கவ்வி, வாலால் சுற்றி, மணிக்கணக்கில் விடாமல் பிடித்துப் பொதியை நேராகவே சேர்த்துவிடுகிறது.

பிரான்ஸ், ஸ்பெயின் எல்லையில் உள்ள பைரனீஸ் மலை ஓடையிலும் கிட்டத்தட்ட இதே சாயலில் ஒரு நியூட் உண்டு. அதையும் இதே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். 2005-இல் டி.என்.ஏ. பார்த்துத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். சாயலைத் தந்தது ஓடை, ரத்த உறவு அல்ல.

இப்போது உன் துறைக்கு வருகிறேன். கோர்சிகா நியூட்டின் சிறுநீர்ப்பையில் யூசெட்ரீமா என்ற தட்டைப்புழு குடியிருக்கிறது. 1965-இல் பிரெஞ்சுக்காரர் குளோத் கோம்ப் விவரித்தது. மோனோஜீனியன் வகை, நடுவில் நத்தை மாதிரி இடைநிலை விருந்தோம்பி கிடையாது, நியூட்டிலிருந்து நேராக நியூட்டுக்கு. இதன் நெருங்கிய உறவுப்புழு ஒன்று காகசஸ் மலையில் வாழும், நியூட்டுக்குச் சொந்தமான சாலமாண்டரில் இருக்கிறது. என் கணிப்பில் இது பரம்பரையாகக் கூடவே வந்த சொத்து. அதனால்தான் புழுவும் நியூட்டும் இன்னும் பிழைத்திருக்கின்றன.

மனிதன் கொண்டுவந்தது அப்படி இல்லை. சார்டினியாவில் மலேரியாவை ஒழிக்க 1946 முதல் 1950 வரை தீவு முழுக்க டி.டி.டி. அடித்தார்கள். ஓடைகளில் டிரௌட் மீனை விட்டார்கள். பிறகு தவளைகளைத் தின்றுதீர்க்கும் கைட்ரிட் பூஞ்சை. அது சார்டினியா நியூட்டின் உடம்பிலேயே இருப்பதாக 2008-இல் அறிக்கை வந்தது. ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த இன்னொரு பூஞ்சை சாலமாண்டர்களுக்கென்றே பிறந்தது மாதிரி. ஆய்வகச் சோதனையில் சார்டினியா நியூட் அதைத் தாங்கவில்லை என்று 2014-இல் தெரிந்தது. காட்டில் இன்னும் போய்ச் சேரவில்லை என்றே நம்புகிறேன்.

கைட்ரிட் நம் மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் பதிவாகியிருக்கிறது. உன் மகன் தவளைக் கணக்கெடுப்புக்கு ஆனைமலை போகிறான் என்று எழுதியிருந்தாயே, ஓடைக்கு ஓடை மாறும்போது பூட்ஸையும் வலையையும் மருந்து போட்டுக் கழுவிக் காயவைக்கிறானா? கேட்டு எழுது.

அன்புடன்,
ராமு