நாடக வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, குடும்பத் துரோகத்தைப் பேசும் பழைய துன்பியல் நாடகங்களை இந்த ஆண்டு வாசித்தோம். மாதக் கூட்டம் எதுவும் ரத்தாகவில்லை. மழைக்காலத்தில் நூலக மாடி ஒழுகியதால் கீழே பத்திரிகை அறையில் உட்கார நேர்ந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கியையும் அவரே சொல்லட்டும். நான் சொன்னால் சிலர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஆண்டின் பெரும்பகுதியை ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனே எடுத்துக்கொண்டான். 1606 டிசம்பர் 26 இரவு, வைட்ஹால் அரண்மனையில் மன்னர் ஜேம்ஸ் முன்னிலையில் நடிக்கப்பட்ட நாடகம் இது. கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்துக்கு நடுவே இதைப் போட யாருக்குத் தோன்றியதோ! யாருக்குத் தன்மேல் பாசம் அதிகம் என்று மூன்று மகள்களையும் கேட்டு, பதிலுக்கேற்ப நாட்டைப் பங்கு வைக்கிறான் கிழவன். மூத்தவர்கள் கானரிலும் ரீகனும் கூசாமல் அள்ளி விடுகிறார்கள். கடைக்குட்டி கார்டீலியா மட்டும், என் நெஞ்சைத் தூக்கி வாய்க்குக் கொண்டுவர என்னால் முடியாது என்கிறாள். அவள் பங்கு போயிற்று.

பத்திர எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் அன்று எழுந்து கேட்டது பலருக்கு நினைவிருக்கும்: “எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டு, நூறு வீரர்களோட மாசம் ஒருத்தி வீட்ல இருப்பேன்னு வாய் வார்த்தையா சொன்னா எப்படிங்க?” பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்ய நம் நாட்டில் 2007ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்புச் சட்டம் வழி செய்திருப்பதை அவர் விளக்கினார். சிரித்தோம். ஆனால் நாடகமே அந்தப் பேரத்தில்தான் நடக்கிறது. நூறு வீரர்கள் எதற்கு, ஐம்பது போதும் என்கிறாள் ஒருத்தி. இருபத்தைந்து என்கிறாள் அடுத்தவள். உடனே லியர் முதலாமவள் பக்கம் திரும்பி, ஐம்பது இருபத்தைந்தைப்போல் இரண்டு மடங்கு, அதனால் உன் பாசமும் இரண்டு மடங்கு என்கிறான். இவ்வளவு பட்ட பிறகும் பாசத்தை எண்ணிப் பார்க்கும் புத்தி போகவில்லை.

அவன் நெஞ்சுக்கு நேர்வதைக் காட்சி காட்சியாகக் குறித்துக்கொண்டே வந்தோம். அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி நெஞ்சை அடைப்பதாகத் தவிக்கிறான். நூறாயிரம் சில்லாக இந்த நெஞ்சு சிதறினாலும் அழமாட்டேன் என்று புயலுக்குள் போகிறான். பிறகு குடிசையில் பொய் விசாரணை நடத்துகிறான். குற்றவாளிக் கூண்டில் கானரிலாக நிற்பது ஒரு முக்காலி. அது முடிவதற்குள் ரீகனை அறுத்துப் பாருங்கள், அவள் நெஞ்சைச் சுற்றி என்ன வளர்கிறது என்று கேட்கிறான். இப்படிக் கல்நெஞ்சு உண்டாக இயற்கையில் காரணம் உண்டா என்கிறான். முதல் காட்சியில் சொல்லாக வெளிவர வேண்டும் என்று அவன் அதட்டிய நெஞ்சு இப்போது கத்தியின் கீழே வந்துவிட்டது.

அறுத்தால் ஒன்றும் கிடைத்திருக்காது என்பது என் கருத்து. 1633இல் அச்சான, ஆங்கில நாடகாசிரியர் ஜான் ஃபோர்டின் நாடகம் ஒன்றின் கடைசிக் காட்சியை வாசித்தபோது அது உறுதிப்பட்டது. (அண்ணன் தங்கை முறைதவறிய கதை என்பதால் செயற்குழுவில் எதிர்ப்பு வந்தது, ஒரே காட்சி என்று சமரசமானோம்.) ஜியோவானி தன் தங்கையின் இதயத்தைக் குத்துவாளில் குத்தியபடி விருந்துக்குள் நுழைகிறான். பார்த்தவர்களுக்கு அது என்ன என்றே விளங்கவில்லை. அன்னபெல்லாவின் இதயம் என்று அவனே சொல்ல வேண்டியிருக்கிறது. ஓர் ஆள் உள்ளே போய்ப் பார்த்துவந்து உண்மைதான் என்கிறான். மார்பைப் பிளந்து எடுத்துக் காட்டிய பிறகும் அது யாருடையது என்பதற்குச் சாட்சி வேண்டியிருக்கிறது. அவர்களுடைய தகப்பன் அங்கேயே விழுந்து சாகிறான்.

லியரின் முடிவைப் பற்றிய விவாதம் இரவு ஒன்பதைத் தாண்டியது. “வெடித்துவிடு நெஞ்சே” என்ற வரியை 1608 பதிப்பு லியருக்குக் கொடுக்கிறது, 1623 பதிப்பு அவனுடைய விசுவாசமான பிரபு கென்ட்டுக்கு. இரண்டு விதமாகவும் வாசித்துப் பார்த்தோம். கென்ட் சொல்வதே பொருத்தம். 1623இல் லியர், இறந்துகிடக்கும் மகள் கார்டீலியாவின் உதட்டைப் பாருங்கள், பாருங்கள் என்றபடிதான் போகிறான். இதைத் தாங்காமல்தான் நேகம் டேட் என்ற நாடகாசிரியர் 1681இல் கதையை மாற்றி எழுதி, கார்டீலியாவைப் பிழைக்கவைத்து, பிரபு மகன் எட்கருக்குக் கட்டிவைத்தார்; லியரின் கோமாளியை நாடகத்திலிருந்தே தூக்கிவிட்டார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு இங்கிலாந்து மேடையில் ஓடியது அந்த வடிவம்தான். கைதூக்கச் சொன்னபோது நம்மிலும் கணிசமானவர்கள் டேட் பக்கமே நின்றார்கள். குறிப்பேட்டில் பதிந்திருக்கிறேன்.

வரும் ஆண்டு கி.மு. 431இல் போட்டியில் மூன்றாம் இடம் பெற்ற கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் ‘மீடியா’வில் தொடங்குகிறோம்; கணவனைப் பழிவாங்கத் தன் குழந்தைகளையே கொல்லும் மீடியா என்பவளின் கதை அது. குழந்தைகளின் முகத்தைப் பார்த்ததும் அவள் நெஞ்சு தளர்ந்து, மறுபடி இறுகும் அந்த நீண்ட பேச்சை வாசிக்க முன்வருபவர்கள் பெயர் கொடுக்கவும். லியர் நகல்களை இன்னும் திருப்பித் தராதவர்கள், கூட்டம் முடிந்ததும் தேநீர் மேசைக்கு அருகில் என்னைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்